அச்சுக்குப் போகக்கூடாத அட்டைகள்

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய திருமதி ஹெப்பில்ஸ்டன் அவர்களே! முப்பது ஆண்டுகளாக இந்தக் கழகத்தின் செயலாளராகவும், அதே முப்பது ஆண்டுகளாக என் எதிராளியாகவும் சலிக்காமல் உழைத்துவரும் முன்னாள் தலைமையாசிரியர் திரு. கிளிஃபர்ட் டியூஸ்பரி அவர்களே! முதல் வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெருமாட்டி திருமதி ஐவி பேராக்லோ அவர்களே! தேநீர்க் கொப்பரையின் பக்கத்தில் நின்று, சீக்கிரம் முடித்துத் தொலைக்க மாட்டானா இந்தக் கிழவன் என்று பார்க்கும் தாய்மார்களே! தறிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு, இன்று என் வாயைப் பார்த்தே என் பேச்சைப் படிக்கும் பழைய நெசவாலைத் தோழர்களே! கிரேவ்ஷா பேச்சுவழக்குக் கழகத்தின் உறுப்பினர்களே! அனைவருக்கும் இந்த வில்ஃப்ரெட் அக்ராய்டின் பணிவான வணக்கம்.

பணிவு வணக்கத்தோடு முடிந்தது. இனி இருக்காது.

ஆறு வாரமாக நான் அதிர்ச்சியில் இருக்கிறேன். எளிதில் அதிர்கிறவன் அல்லன் நான். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நெசவாலைக்குப் போனவன். நாற்பத்தாறு ஆண்டுகள் தறிகளுக்குப் பழுது பார்த்தவன். தறியின் தோல் பட்டை அறுந்து முகத்தில் அடித்தபோதும் அதிரவில்லை. ஆலையை மூடி, தறிகளை உடைத்து இரும்பாக ஏற்றிச் சென்றபோதும் அதிரவில்லை. இலக்கணத்தை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இந்தக் கல்விக்கூடத்தின் நூலகத்தில், அதோ அந்தச் சன்னலோரத்தில், நானாகவே கற்றேன். தவறாகக் கற்றிருப்பாய் என்று படித்தவர்கள் சொன்னபோதும் அதிரவில்லை. ஆனால் இந்தச் செப்டம்பரில் அதிர்ந்தேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மனிதரை அவர் செய்கிற காரியத்தால் அடையாளம் காட்டலாம். செய்யாத காரியத்தாலும் காட்டலாம். நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். சிரிக்காத கசாப்புக்காரர். சில்லறை தராத பேருந்து நடத்துநர். பாதிரியாரோடு பேசாத பாதிரியார் மனைவி. அந்த 'இல்லை'யோடு சின்னச் சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். எப்போதும், இன்னும், வழக்கமாக, சரியாக. நம் ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல், 'இல்லை'க்கு முன்னால் உட்காருமா, பின்னால் உட்காருமா? இதுதான் நம் கழகம் இருபத்து மூன்று ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்த கேள்வி.

அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சந்தைக் கடிகாரத்தை ஒரு கணம் நினையுங்கள். 'எப்போதும்' என்ற சொல் முன்னால் உட்கார்ந்தால், அது என்றைக்குமே மணி அடிக்காத கடிகாரம். பின்னால் உட்கார்ந்தால், சில நாள் அடித்து, சில நாள் அடிக்காமல் விடுகிற கடிகாரம். சொற்கள் அதே சொற்கள். ஒன்று மட்டும் நாற்காலி மாறி உட்கார்ந்தது. முதல் கடிகாரம் செத்துப்போனது. இரண்டாவது கடிகாரம் சோம்பேறி. செத்தவனுக்கும் சோம்பேறிக்கும் வித்தியாசம் இல்லையா? இல்லை என்கிறவர் கை தூக்கலாம். எவரும் இல்லை. நன்றி.

எல்லா வாக்கியத்திலும் பொருள் இப்படி மாறிவிடாது. பல இடங்களில் சின்னச் சொல் முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் பொருள் ஒன்றுதான், வழக்கம்தான் வேறு. அங்கேதான் எங்கள் சண்டை. நம் ஊர்க்காரர்கள் முன்னால்தான் வைக்கிறார்கள் என்பது என் கட்சி. படித்த உலகம் போலவே பின்னால்தான் வைக்கிறார்கள் என்பது திரு. டியூஸ்பரியின் கட்சி. இந்தச் சண்டையில் இரண்டு முறை நாற்காலி உடைந்திருக்கிறது. ஒருமுறை திருமண விருந்து ஒன்றே நின்றுபோயிருக்கிறது. சண்டையைத் தீர்க்கத்தான் அட்டைகள் எழுதத் தொடங்கினோம். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், கேட்டதைக் கேட்டபடி ஓர் அட்டையில் எழுத வேண்டும். கேட்டபடி! கழகத்தின் முதல் விதி அது. பதினோராயிரம் அட்டைகள். அவற்றில் ஏறத்தாழப் பாதி என் கையெழுத்து. மீதி திருமதி பேராக்லோவின் கையெழுத்து.

அந்த அட்டைகள் இப்போது புத்தகமாகப் போகின்றன. அச்சகம் தயார். மெய்ப்புப் படிகள் வந்துவிட்டன. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஐவி பேராக்லோ என்று பெயர். உயிர்த்த ஞாயிறான ஈஸ்டர் திருநாளுக்குள் புத்தகம் கையில் இருக்கும். ஏன் அவ்வளவு அவசரம் என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அவரிடம் சொன்னதை அவரே தேநீர் ஊற்றிக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வரும் கோடைவரை அவர் இருப்பது கடினம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று நீங்கள் கை தூக்கினால் புத்தகம் அச்சுக்குப் போகும். தன் பெயரைத் தாங்கிய புத்தகத்தை அவர் மடியில் வைத்துப் பார்ப்பார். கை தூக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

கூச்சல் போடுங்கள். போட்டு முடியுங்கள். நான் நிற்கிறேன். நாற்பத்தாறு ஆண்டு முந்நூறு தறிகளுக்கு நடுவில் நின்றவன், உங்கள் கூச்சலுக்கா உட்காருவேன்?

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பிரெண்டா ஃபெதர் நின்றாள். அதோ, நான்காவது வரிசையில் இருக்கிறாள். காலமான நம் நோரா ஃபெதரின் மகள். தாயின் வாக்கியங்கள் புத்தகத்தில் வருவதால், சம்மதம் கேட்டு அவளுக்கு மெய்ப்புப் படியை அனுப்பியிருந்தார்கள். கையில் அந்தத் தாள். முழங்காலில் அழுக்கு. நகத்தில் இரத்தம்.

"அக்ராய்ட் ஐயா, எங்கம்மா கடுதாசிங்கள எங்க வச்சாங்க?" என்றாள்.

"எந்தக் கடுதாசிம்மா?"

"கனடாலேர்ந்து எங்கண்ணன் போட்ட கடுதாசி. இங்க பாருங்க, நாப்பத்தொண்ணாம் பக்கம். அம்மாவே சொல்லியிருக்காங்க. வீடு பூரா தேடிட்டேன். மாடி ரூம்ல தரைப்பலகையக்கூடப் பேத்துப் பாத்துட்டேன். எனக்கு ஒண்ணக்கூட காட்டாம எங்க ஒளிச்சு வச்சாங்க? நான் என்ன பண்ணேன் அவங்களுக்கு?"

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். நோரா ஃபெதர் தன் மகனைப் பற்றிச் சொன்ன வாக்கியம். 'எப்போதும்' என்ற சொல் பின்னால் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் என்ன பொருள்? அந்தச் சோம்பேறிக் கடிகாரத்தின் பொருள்தான். எப்போதாவது எழுதுவான், எப்போதாவது விட்டுவிடுவான். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, செத்துப்போன தாய் தனக்குக் காட்டாமல் மறைத்த கடிதங்களைத் தேடி வீட்டுத் தரையைப் பெயர்த்திருக்கிறாள்.

"உக்காரும்மா, டீ போடறேன்" என்றேன். அவள் உட்காரவில்லை.

பிறகு ஒரு நினைவு வந்தது. அட்டை எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மூன்று மாதம் எங்களோடு வீடு வீடாகச் சுற்றினாள். பெட்டி போன்ற ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து, நாங்கள் அட்டையில் எழுதியபோதே அவள் டேப்பில் பதிந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். டேப்புகளை நமக்கே விட்டுவிட்டாள். நாம் என்ன செய்தோம்? நம்மிடம்தான் அட்டை இருக்கிறதே என்று, ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காமல், பாட்டுக்குழுவின் அலமாரியில் தோத்திரப் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். இருபத்து மூன்று ஆண்டுகள்! பேச்சைச் சேகரிக்கிற கழகம், பேச்சைக் கேட்கவே இல்லை!

மறுநாள் காலையில் பாட்டுக்குழுவின் டேப் கருவியைக் கேட்டு வாங்கினேன். என் அடுப்படி மேசையில் வைத்தேன். நோரா ஃபெதர் பேசினார். செத்து ஆறு ஆண்டான பெண்மணி, பின்னால் கெட்டில் கொதிக்கிற சத்தத்தோடு, நேற்றுப் பேசுவது போலப் பேசினார். "எப்பவுமே ஒரு கடுதாசி போடாத எங்க பையன்" என்றார். அழுகையை விழுங்கி ஒரு மூச்சு விட்டார். "அவன் ஒடம்பு எப்படி இருக்கோ" என்றார்.

முன்னால்! 'எப்போதும்' முன்னால் உட்கார்ந்திருந்தது. செத்த கடிகாரம். ஒரு கடிதம்கூட வரவில்லை. தாய் எதையும் மறைக்கவில்லை. மறைக்க அவளிடம் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை எழுதாத கடிதங்களை எழுதியது நாம். நாம், கிரேவ்ஷா பேச்சுவழக்குக் கழகம்!

என் கட்சி வென்றது என்று அன்று நான் துள்ளியிருக்க வேண்டும். நம் ஊர்க்காரி, சொல்லை முன்னால்தானே வைத்தாள்? துள்ளவில்லை. ஏன் தெரியுமா? அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அட்டையிலும் பின்னால்தான் இருந்தது. அச்சுக்காரர் தவறில்லை. அட்டையே தவறு. அட்டையில் அழகான, வட்டமான, எல்லோரும் அறிந்த கையெழுத்து. திருமதி பேராக்லோவின் கையெழுத்து.

அடுத்த அட்டையை எடுத்தேன், டேப்பை ஓட்டினேன். மாறியிருந்தது. அதற்கடுத்தது, மாறியிருந்தது. அவர் எழுதிய அட்டைகளில் டேப்பிலும் குரல் உள்ளவை நூற்றுப் பதினெட்டு. அவற்றில் தொண்ணூற்றேழு மாறியிருந்தன. எல்லாமே ஒரே திசையில். முன்னால் இருந்த சொல்லைத் தூக்கிப் பின்னால் வைத்திருந்தார். எங்கே வைத்தால் பள்ளிக்கூடத்தில் அடி விழாதோ, அங்கே.

அவருடைய வீட்டுக்குப் போனேன். திரு. டியூஸ்பரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும், அது ஓடுகிற கடிகாரம்தான். போனேனா, திருமதி பேராக்லோ முன்வாசல் படியில் முட்டி போட்டு, கல்லால் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார். இந்த உடம்போடு!

"ஐவி, என்ன வேல பண்ணி வச்சிருக்க நீ?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அது என் தவறு.

"படி தேய்க்கிறேன். கண்ணு தெரியலையா? மிதிக்காத, ஈரம்."

"அட்டையில! நோரா சொன்னதையும் மத்தவங்க சொன்னதையும் மாத்தி எழுதியிருக்க. ஒண்ணு ரெண்டில்ல, தொண்ணூத்தேழு!"

அவர் கல்லைக் கீழே வைக்கவில்லை. "ஆமா, எழுதினேன்" என்றார்.

ஆமாம் என்கிறார்! மறுக்கவில்லை, மழுப்பவில்லை, தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. படியின் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப மறுபடி தேய்க்கணும்" என்றார். பிறகு சொன்னார்: "இங்க பாரு அக்ராய்ட். அவங்க என்னக் கூப்பிட்டு அடுப்படியில உக்கார வச்சாங்க. டீ குடுத்தாங்க. நல்ல கப்புல குடுத்தாங்க. மனசு விட்டுப் பேசினாங்க. பேச்சுல நாலு சொல்லு முன்னப்பின்ன போச்சு. அத அப்படியே எழுதி, பாருங்க இவ எப்படிப் பேசறான்னு ஊருக்குக் காட்டவா? பேர் வேற போட்டு?"

"அப்படியே எழுதறதுதானே விதி!"

"விதிய நீ எழுதின. அவங்க டீய நான் குடிச்சேன். இந்தத் தெருவுல ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். யார் வீட்டுக்காவது வெளியாளு வரப்போறான்னா, அந்த வீட்டுக்காரி வாசப்படி அழுக்கா இருந்தா, பக்கத்து வீட்டுக்காரி தன் படியோட சேத்து அவ படியையும் தேய்ச்சுருவா. கேக்க மாட்டா. சொல்லவும் மாட்டா. நான் அதத்தான் செஞ்சேன்."

"நோரா சொன்னது அழுக்கா?"

"நோரா அழுதா. நீ டேப்புல கேட்ட. நான் எதிர்ல உக்காந்து பாத்தேன். பெத்த புள்ள ஒரு வரி எழுதலைங்கறத ஒரு தாயி அழுதுகிட்டே சொன்னா, அத அச்சுல போடுவியா? நான் கொஞ்சம் தணிச்சு எழுதினேன். செத்தாலும் மறுபடி அப்படித்தான் எழுதுவேன்."

பார்த்தீர்களா? இலக்கணம் தெரியாமல் செய்த பிழை என்று நினைத்துப் போனேன். அன்பினால் செய்த பிழை என்று தெரிந்து திரும்பினேன். எது அதிக அதிர்ச்சி? பிரெண்டா தரையைப் பெயர்த்ததை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனத்துக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆம், சொல்லத்தான் வேண்டும். வில்ஃப்ரெட், உன் அட்டைகள் இருக்கின்றனவே, தூய அட்டைகள், துல்லியமான அட்டைகள், விதி தவறாத அட்டைகள்! ஐவியின் பாதியைத் தள்ளினால் போகிறது. உன் பாதியை அச்சிடலாம் என்றேன். கிடைத்தது வெற்றி என்றேன். அந்தப் பெருமையோடு என் அட்டைகளை எடுத்து, டேப்போடு ஒப்பிட உட்கார்ந்தேன்.

நான் எழுதியவற்றில் டேப்பிலும் குரல் உள்ளவை எண்பத்திரண்டு. மாறியிருந்தவை அறுபத்தொன்று.

நம்ப முடியவில்லையா? நல்லது. நானும் அன்று நம்பாமல் டேப்பை மூன்று முறை ஓட்டினேன்.

அறுபத்தொன்று! எல்லாமே ஒரே திசையில். பின்னால் இருந்த சொல்லைத் தூக்கி முன்னால் வைத்திருந்தேன். அவர் பின்னுக்குத் தள்ளினார். நான் முன்னுக்கு இழுத்தேன். அவர் அன்பால் செய்தார். நான் எதனால் செய்தேன்? பொய் எழுத வேண்டுமென்று நான் ஓர் அட்டையைக்கூடத் தொட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் கேட்டேன். அப்படித்தான் என் காதில் விழுந்தது. பிறகு யோசித்தேன். காதிலா விழுந்தது?

நெசவாலைத் தோழர்களே, உங்களைக் கேட்கிறேன். தறிக்கூடத்தில் எவர் பேச்சையாவது காதால் கேட்டிருக்கிறோமா? முந்நூறு தறிகள் அடிக்கிற இடத்தில் காதுக்கு என்ன வேலை? வாயைப் பார்ப்போம். முதல் இரண்டு சொல்லை உதட்டில் பிடிப்போம். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்வோம். 'சாப்பிட' என்று உதடு அசைந்தாலே தலையாட்டிவிடுவோம். அப்படிப் பேசித்தான் காதலித்தோம், அப்படிப் பேசித்தான் வேலைநிறுத்தம் செய்தோம். ஆலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டதா? எனக்கு விடவில்லை. அடுப்படியில் அமைதியாக ஒரு பெண்மணி பேசும்போதும், நான் அவர் வாயைத்தான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தைப் பார்த்து, முடிவை நானே நெய்திருக்கிறேன். எந்த நூலால் நெய்தேன்? என் கொள்கை நூலால். முப்பது ஆண்டுகளாக டியூஸ்பரியைத் தோற்கடிக்கக் காத்திருந்த நூலால்!

இதைச் செயற்குழுவில் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பல்லைப் பிடுங்குவது போல் இருந்தது. திரு. டியூஸ்பரி என்ன சொன்னார் தெரியுமா? நான்கு பேர் சாட்சி.

"வில்ஃப்ரெட், பதட்டப்படாத" என்றார். "ஐவி பின்னால தள்ளியிருக்காங்க. நீ முன்னால தள்ளியிருக்க. ரெண்டையும் கூட்டினா சராசரி சரியாத்தான் வரும்."

சராசரி! ஒருவன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தான், ஒருவன் ஒரு மணி பின்னால் வைத்தான். ஆகவே இரண்டு கடிகாரமும் சரி! முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய், ஐயா, அந்த வாய்! திருமதி ஹெப்பில்ஸ்டன் சொன்னார்: "யாரு போய் டேப்பக் கேக்கப் போறா, அக்ராய்ட்? பாவம் ஐவி. ஈஸ்டர் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால?" என் பெயரை இன்றைய நிகழ்ச்சி நிரலில், தேநீருக்கும் இஞ்சிக் கேக்குக்கும் பிறகு, கோட்டுகளை எடுத்துக்கொண்டு மக்கள் எழுந்திருக்கும் நேரத்தில் வைத்தது தற்செயலா? சொல்லுங்கள், தற்செயலா?

ஆனால் நீங்கள் எழவில்லை. அதற்கு நன்றி.

இனி என் தீர்மானத்தைச் சொல்கிறேன். பதினோராயிரம் அட்டைகளில் டேப்பில் குரல் உள்ளவை இருநூறு. மற்றவற்றைப் பேசியவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று சரிபார்க்க இனி வழியே இல்லை. அந்த அட்டைகளைப் பெட்டியில் கட்டி, மேலே 'நம்பத்தகாதவை' என்று எழுத வேண்டும். என் அட்டைகளையும் சேர்த்து. என் அட்டைகளை முதலில்! முப்பது ஆண்டுச் சண்டையில் என் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை இந்த மேசைமேல் வைக்கிறேன். டியூஸ்பரி வென்றார் என்று பொருளல்ல; ஒரு நாளும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எவரும் வெல்லவில்லை. எவர் வென்றார் என்று தெரியாது. அதுதான் உண்மை, அதைத்தான் அச்சில் சொல்ல வேண்டும்.

அந்த இருநூறு வாக்கியங்களை மட்டும், டேப்பில் உள்ளபடி, மீண்டும் எழுத வேண்டும். ஒருவர் கேட்டு எழுதினால் போதாது. ஒருவரை ஒருவர் நம்பாத இருவர் சேர்ந்து கேட்டு எழுத வேண்டும். தடித்த புத்தகம் வராது. மெல்லிய புத்தகம் வரும். ஓராண்டு ஆகும்.

ஓராண்டு என்று சொல்லும்போது முதல் வரிசையை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த ஓராண்டு எவரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். கல்நெஞ்சன் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபத்து மூன்று ஆண்டுகள் குளிரிலும் மழையிலும் வீடு வீடாக நடந்த ஒரு பெண்மணியின் பெயரை, எந்தப் பக்கத்தின் மேல் பொறிக்கப் போகிறோம்? பொய்யான பக்கத்தின் மேலா? அவருக்குப் பரிசு கொடுக்கிறோம் என்ற பெயரில், அவருடைய கல்லறைக் கல்லில் பிழையைச் செதுக்கலாமா?

நோரா ஃபெதரின் குரலை அவருடைய மகனே கேட்கவில்லை. நாமாவது கேட்டோமா? அவர் சொன்னது ஒரே வரி. அந்த வரியில் ஒரு சொல்லை எங்கே வைக்க வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருந்தது. வலி எங்கே இருந்ததோ அங்கே வைத்தார். அதைத் தூக்கி நகர்த்த நாம் யார்? அன்பாக இருந்தால் நகர்த்தலாமா? கொள்கைக்காக இருந்தால் நகர்த்தலாமா? முன்னே நகர்த்தினாலும் நகர்த்தல்தான். பின்னே நகர்த்தினாலும் நகர்த்தல்தான். பேசியவர் வைத்த இடத்தில் இருக்கட்டும் அந்தச் சொல்! அவமானமாக இருந்தாலும் இருக்கட்டும்! அழுகையாக இருந்தாலும் இருக்கட்டும்! நமக்குப் புரியாவிட்டாலும் அங்கேயே இருக்கட்டும்!

இதுவே என் தீர்மானம். வழிமொழிய ஒருவர் வேண்டும். ஒருவர் இல்லையென்றால் தீர்மானம் விழும். விழுந்தால் நான் கழகத்திலிருந்து விலகுவேன். டேப்புகளை மட்டும் விட மாட்டேன். யார் வழிமொழிகிறீர்கள்?

ஒருவருமில்லையா?

பிரெண்டா, நீ உறுப்பினர் இல்லையம்மா. உன் கை கணக்கில் வராது. இருந்தாலும் நன்றி.

திருமதி பேராக்லோ எழுகிறார். யாராவது கையைப் பிடியுங்கள். வேண்டாம் என்கிறார், விடுங்கள். பேசுகிறார்... பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. என் வாயைப் பார்க்காதீர்கள், என் வாயை நம்பாதீர்கள்! மைக்கை அவரிடம் கொண்டு போங்கள். அவரே சொல்லட்டும். சொல்லுங்கள் ஐவி.

கேட்டீர்களா? எல்லோருக்கும் கேட்டதா? "நோராவோடத மாத்தினது தப்புன்னு நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா பிரெண்டா தரையப் பேத்தத ஒரு பாவியும் எங்கிட்ட சொல்லல. நான் வழிமொழியறேன். திங்கக்கிழம காலையில மிஷினத் தூக்கிக்கிட்டு வந்துரு, அக்ராய்ட். உன்ன நான் ஒரு சொல்லுகூட நம்ப மாட்டேன். அதனால நம்ம ரெண்டு பேருமே உக்காரலாம். பாதியில நான் போயிட்டா, என் நாற்காலியில பிரெண்டா உக்காரட்டும்."

செயலாளர் அவர்களே, நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குறிப்பேட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். 'திருமதி பேராக்லோ தம் முந்தைய தவறுக்கு வருந்தித் தீர்மானத்தை மனமுவந்து வழிமொழிந்தார்.' எங்கே வருந்தினார்? எப்போது மனம் உவந்தார்? அடியுங்கள் அந்த வரியை. மைக் அவர் கையில்தான் இருக்கிறது. இன்னொரு முறை அவர் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னபடியே எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அதுவரை இந்த மண்டபத்திலிருந்து எவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுமையில்லாமல் கேட்ட நண்பர்களுக்கும், கொப்பரையை இரண்டாம் முறை சுடவைத்த தாய்மார்களுக்கும் என் நன்றி. திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. வணக்கம்.